வைத்தியரும் விஞ்ஞானியும் ஒருவரே ஆவது எங்ஙனம்?

கல்லூரிப் பரிசளிப்பு விழாவொன்றுக்கு யான் சென்றிருந்தபோது, உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் மாணவர் ஒருவர் என்னை அணுகி, "ஐயா, வைத்தியம் படித்தபின் ஆராய்ச்சியும் செய்ய விரும்புகிறேன். இரண்டையும் ஒருவரே செய்யலாமா? ஒன்றைக் கைவிடத்தான் வேண்டுமா?" என்று வினவினார். மண்டபத்து ஆரவாரத்தினிடையே, "செய்யலாம், தம்பி, வழிதான் நெடியது" என்று மட்டும் கூறிவிட்டு வந்துவிட்டேன். அவ்விடை போதாதென்பதை வீடு திரும்பும் வழியிலேயே உணர்ந்தேன். மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, அன்று சொல்லாமல் விட்டதை எழுதுவதே தக்கதென எண்ணினேன். அந்நெடுவழியிற் பாதி நடந்து நின்றுவிட்டவன் யான். ஆதலின் பாலம் எவ்விடத்திற் பழுதுற்றிருக்கிறது என்பதைச் சுகமாய்க் கடந்து சென்றவரிலும் சற்று நன்றாகவே அறிவேன்.

வைத்திய விஞ்ஞானி என்பவர் வைத்தியப் பட்டத்தின்மேற் கலாநிதிப் பட்டத்தையும் ஏற்றி வைத்துக்கொண்டவர் என்று எண்ணுவோர் பலர். பட்டங்களின் எண்ணிக்கையில் ஒன்றுமில்லை. நோயாளியின் படுக்கையருகே எழுந்த ஐயமொன்றை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுசெல்லவும், ஆய்வுகூடத்திற் கண்டதை மீண்டும் அப்படுக்கையருகே கொண்டுவரவும் வல்லவர் எவரோ அவரையே அப்பெயரால் அழைத்தல் தகும். இப்போக்குவரத்து ஒரே மனத்தினுள் நிகழ்வதால் விளையும் பயன் யாதென்பதற்கு ஓர் உதாரணம் காட்டுவேன்.

மைக்கேல் பிறவுண், ஜோசப் கோல்ட்ஸ்ரைன் என்னும் இருவர் 1966ஆம் ஆண்டில், பொஸ்ரன் நகரிலுள்ள மசாசுசெற்ஸ் பொது வைத்தியசாலையில் உள்ளகப் பயிற்சி வைத்தியராய்ச் சேர்ந்து நண்பராயினர். 1968இல் இருவரும் பெதஸ்டாவிலுள்ள அமெரிக்க தேசிய சுகாதார நிறுவகங்களுக்குச் சென்றனர். அங்கு வந்த நோயாளருள் பத்து வயதும் நிரம்பாத சிறுமி ஒருத்தியும் அவள் தமையனும் இருந்தனர். முதியோரிடத்துக் காணும் இருதய நோய் அப்பிள்ளைகளைப் பற்றியிருந்தது. அவர்களின் குருதியிற் கொலஸ்திரோல் பன்மடங்கு மிகுந்திருந்தது. உணவினால் வந்த கேடு என்று சொல்லி ஒதுக்கிவிட இயலாத நிலை அது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற பரம்பரையலகைப் பெற்ற பிள்ளைகள் அவர்கள். பத்து இலட்சம் பேரில் ஒருவருக்கே இந்நிலை நேருமென அக்காலத்துக் கணித்தனர்.

பின்னர் டலஸ் நகரில் ஒன்றுசேர்ந்த நண்பர் இருவரும் இத்தகைய நோயாளரின் தோலிலிருந்து சிறு துண்டெடுத்து, அதன் கலங்களைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்தனர். நலமுள்ளவரின் கலங்கள், சூழவுள்ள திரவத்திற் கொலஸ்திரோலைச் சுமக்கும் புரதத்துணிக்கைகள் இருப்பின் அவற்றை உள்வாங்கித் தாமாகக் கொலஸ்திரோல் ஆக்குவதை நிறுத்திக்கொண்டன. நோயுற்ற பிள்ளைகளின் கலங்களோ நிறுத்தவில்லை. அக்கலங்களின் மேற்பரப்பில் அத்துணிக்கைகளைப் பற்றி உள்ளிழுக்கும் வாங்கி பழுதுற்றிருந்தமையே காரணம் என்பது 1973, 1974ஆம் ஆண்டுகளில் வெளியாயிற்று. 1985இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. யப்பானிய அறிஞர் அக்கிரா எண்டோ முதன்முதல் கண்டெடுத்த ஸ்ரற்றின் வகை மருந்துகள் ஈரலில் அவ்வாங்கிகளைப் பெருகச் செய்தே குருதியைத் தூய்மை செய்கின்றன என்பதும் இவ்வழியாலேயே விளங்கிற்று. எம் வாசகருட் பலர் இராப்போசனத்தின்பின் விழுங்கும் மாத்திரை அதுவே. விடுதியிற் பிள்ளைகளைக் காணாத விஞ்ஞானிக்கு அக்கேள்வி தோன்றியிராது. கலம் வளர்க்கக் கல்லாத வைத்தியருக்கு அதன் விடை கிட்டியிராது.

இனி இடர்களைக் கூறப் புகுகின்றேன். அவற்றுள் முதலாவது, கெட்டித்தனத்தாலும் தீர்க்க இயலாத ஒன்று. பிறவுணும் கோல்ட்ஸ்ரைனும் சென்ற அதே 1968இல் பெதஸ்டாவுக்குச் சென்றவருள் றொபேட் லெவ்கோவிற்ஸ், ஹரல்ட் வார்மஸ் என்போரும் இருந்தனர். வார்மஸ் 1989இலும் லெவ்கோவிற்ஸ் 2012இலும் நோபல் பரிசிற் பங்கு பெற்றனர். நால்வரும் ஒரே ஆண்டில் அங்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் விஞ்ஞான தாகம் மட்டுமன்று. வியட்நாம் யுத்தத்துக்காக இளம் வைத்தியர்கள் படைச்சேவைக்கு அழைக்கப்பட்ட காலம் அது. பொதுச் சுகாதாரச் சேவையில் இரண்டாண்டு பணிபுரிதலும் அக்கடமைக்கு ஈடாகக் கொள்ளப்பட்டது. பெதஸ்டா அச்சேவையின் ஓர் அங்கம். யுத்தம் விளைத்த நன்மை என்று இதனைச் சொல்ல நாக் கூசுகிறது. ஆயினும் நடந்தது அது.

லெவ்கோவிற்ஸ் வைத்தியராகவே வாழ விரும்பி வந்தவர். படித்த காலமெல்லாம் வெற்றியையே கண்டவர். ஆய்வுகூடத்திலோ ஓராண்டுக்கு மேலாக அவர் தொட்டதொன்றும் துலங்கவில்லை. ஓமோன் ஒன்று கலத்தின் வாங்கியிற் பிணைவதை அளக்க முயன்றார்; பரிசோதனைக்குமேற் பரிசோதனை பிழைத்தது. 1968ஆம் ஆண்டின் இறுதியில் மனஞ்சோர்ந்து, தவணை முடிந்ததும் வைத்தியசாலைக்கே திரும்பிவிடுவதென்று தந்தையாரிடம் கூறினார். சில வாரங்களில் அத்தந்தையாரும் மாரடைப்பினாற் காலமானார். தவணை முடியுந் தறுவாயிலேதான் பரிசோதனைகள் துலங்கத் தொடங்கின. முன்னர் ஒப்புக்கொண்டபடியே அவர் பொஸ்ரனுக்குச் சென்று விடுதி வேலையை ஏற்றார். அங்கே சில மாதங்களுக்குள், ஆய்வுகூடம் இல்லாமல் தம்மால் இருக்க இயலாதென்பதைக் கண்டு, இருதய நோய்ப் பயிற்சியினூடே மீண்டும் ஆராய்ச்சியிற் புகுந்தார்.

இவ்வரலாற்றை மாணவர்க்கு யான் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. விடுதிக்கும் ஆய்வுகூடத்துக்கும் வெவ்வேறு கடிகாரங்கள். விடுதியிற் காலையில் மூச்சு வாங்கி வந்தவர் மாலையில் எழுந்திருந்து தேநீர் கேட்பார். அன்றைய உழைப்பின் பயன் அன்றே கண்முன் நிற்கும். ஆய்வுகூடத்தில் ஆறு மாத உழைப்பு, வெள்ளிக்கிழமை மாலையொன்றில் யாதொரு பயனுமின்றிக் கழிநீர்த் தொட்டியிற் போகும். பரீட்சை என்னும் மூன்றாவது கடிகாரத்தோடு வளர்ந்தவர் எம் மாணவர். ஒவ்வொரு தவணையும் மதிப்பெண் பெற்றே பழகியவர். அவர்களுள் ஒருவர் ஆய்வுகூடத்தில் முதலாண்டிற் சோர்வுற்றால், "எனக்கு இத்துறை பொருந்தாது" என்று முடிவுகட்டிவிடுவது எளிது. அஃது அவரவர் தகுதியைப் பற்றிய தீர்ப்பாகாது. கடிகாரம் மாறியதன் மயக்கமே அது.

முறையான பாதைகள் இல்லாமலில்லை. அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டு தேசிய சுகாதார நிறுவகங்களின் பொருளுதவியோடு, வைத்தியப் பட்டத்தையும் கலாநிதிப் பட்டத்தையும் ஒருங்கே பெறும் பயிற்சித் திட்டம் மூன்று கல்விக்கூடங்களில் ஆரம்பமாயிற்று. இரண்டாண்டு அடிப்படை வைத்தியக் கல்வி, அதன்பின் சில ஆண்டு ஆராய்ச்சி, மீண்டும் விடுதிப் பயிற்சி என்பது அதன் வழமையான ஒழுங்கு. யாவும் முடிய எட்டாண்டு வரை செல்லும். அதன்பின்னர்த்தான் நிபுணத்துவப் பயிற்சி. பிரித்தானியாவில் 2005ஆம் ஆண்டு மார்க் வோல்போட் தலைமையிலான குழுவின் அறிக்கையையடுத்து, பயிற்சிக் காலத்தின் காற்பங்கை ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் இளநிலைப் பதவிகளும், அரைப்பங்கை ஒதுக்கும் விரிவுரையாளர் பதவிகளும் வகுக்கப்பட்டன.

இத்தனை ஏற்பாடிருந்தும் அமெரிக்காவிலேயே இவ்வினம் குறைந்து வருகின்றது. 1979இலேயே ஜேம்ஸ் வைன்காடன் என்னும் பேராசிரியர், வைத்திய ஆராய்ச்சியாளரை அருகிவரும் உயிரினத்துக்கு ஒப்பிட்டு எழுதினார். 1980களில் அந்நாட்டு வைத்தியருள் நூற்றுக்கு ஏறத்தாழ ஐவர் ஆராய்ச்சியை முதற்றொழிலாய்க் கொண்டிருந்தனர்; பின்னாளில் அத்தொகை இருவருக்குங் கீழே வந்துவிட்டது. தமது பெயரிலேயே முதற் பெரிய ஆராய்ச்சி மானியத்தைப் பெறும்போது அவர்கள் நாற்பது வயதைக் கடந்துவிடுகின்றனர். முப்பத்தைந்து வயதிலும் "மாப்பிள்ளை இன்னும் படிக்கிறாரோ?" என்று வினவும் எம்மூர்ப் பெரியோருக்கு இத்தொழிலை விளக்குவது, கலத்தின் வாங்கியை விளக்குவதிலும் கடினம்.

இவர்கள் எங்கே உதிர்கின்றனர் என்று நோக்குமிடத்து, நடுவழியிலும் மூட்டுக்களிலேயே மிகுதியாக உதிர்வதைக் காணலாம். வைத்தியக் கல்வியிலிருந்து ஆய்வுகூடத்துக்குச் செல்வது ஒரு மூட்டு. ஆய்வுகூடத்திலிருந்து விடுதிக்கு மீள்வது மற்றொன்று. பயிற்சி முடிந்து சொந்தக் காலில் நிற்க முனைவது மூன்றாவது. இரண்டாவதைப் பற்றி யான் அனுபவத்தாற் கூறுவேன்.

2003ஆம் ஆண்டு யான் உள்ளகப் பயிற்சி வைத்தியனாயிருந்தேன். அறுவடைக் காலத்து மாலையொன்றிற் கமக்காரர் இருவர், அயல் வயல்களிற் பாம்பு தீண்டி, ஒரு மணி நேர இடைவெளியில் விடுதிக்குக் கொண்டுவரப்பட்டனர். இருவரையும் தீண்டியது கண்ணாடி விரியன். எம்மவர் புடையன் என்பது. இருவருக்கும் குருதி உறையவில்லை. இருவருக்கும் ஒரே விஷமுறிவு மருந்தை ஒரே அளவில் ஏற்றினோம். ஒருவர் ஐந்தாம் நாள் நடந்தே வீடு சென்றார். மற்றவரின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. வேறு வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்ட அவர் மீண்டு வரவில்லை. அவர் மனைவி வாசலில் நின்று, "இரண்டு பேருக்கும் ஒரே மருந்துதானே ஐயா கொடுத்தீர்கள்?" என்று கேட்டார். குற்றஞ்சாட்டும் குரலில் அவர் கேட்கவில்லை. அறியும் பொருட்டே கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை.

அக்கேள்வியோடு இங்கிலாந்து சென்றேன். அங்கே விஷம் குருதியுறைவையும் சிறுநீரகத்தின் நுண்குழாய்களையும் தாக்கும் முறைபற்றி நான்காண்டு ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றேன். முதலாண்டுச் சோர்வையும் கடந்தேன். 2010இல் நாடு திரும்பி விடுதியில் நின்றபோதுதான் கால் தடுக்கியது. நான்காண்டாக ஒரு நோயாளியையும் தொடாதவன் யான். என்னிலும் ஏழு வயது இளையோர் என்னிலும் விரைவாக ஊசி ஏற்றினர், மருந்தளவுகள் மாறியிருந்தன. முதிய தாதி ஒருவர் மெல்ல அருகில் வந்து, "டொக்ரர், இப்போது அந்த அளவு கொடுப்பதில்லை" என்று காதோடு சொன்னார். அவர் காத்தது நோயாளியை மட்டுமன்று, என் மானத்தையுந்தான். நாணத்தினால் இரவு பகலென்றில்லாமல் விடுதியிலேயே கிடந்து, ஓராண்டுக்குள் இழந்த கைப்பழக்கத்தை மீட்டேன். அதற்குக் கொடுத்த விலையை அப்போது உணரவில்லை. ஆய்வேட்டின் இறுதி இயலைக் கட்டுரையாக்கி அனுப்ப வேண்டியிருந்தது, அனுப்பவில்லை. இரண்டாண்டு கழித்து, யான் உறைநிலையில் விட்டுவந்த குருதி மாதிரிகளின் பெட்டிகளுக்கு இடமில்லை, எடுத்துச் செல்கிறீரா, அகற்றிவிடலாமா என்று கடிதம் வந்தது. ஒரு வாரம் மேசையில் வைத்திருந்துவிட்டு, அகற்றிவிடலாம் என்று பதில் எழுதினேன். அவ்வரியை எழுதிய பின் யான் ஆராய்ச்சி செய்யவில்லை.

என்னை எவரும் தடுக்கவில்லை, குறைகூற எவருமில்லை. ஆராய்ச்சி செய்த நான்காண்டும் வாரத்துக்கு ஒரு அரைநாள் வெளிநோயாளர் பகுதியில் இருந்திருப்பேனாயின், திரும்பியபோது அத்துணை நாணம் வந்திராது. திரும்பிய பின்னர் வாரத்துக்கு ஒரு அரைநாளை ஆராய்ச்சிக்கெனக் கேட்டுப் பெற்றிருப்பேனாயின், அப்பெட்டிகள் அகற்றப்பட்டிரா. அமெரிக்கப் பயிற்சித் திட்டங்கள் பலவற்றில் ஆராய்ச்சி மாணவர் இடையிடையே நோயாளரைக் காணும் ஒழுங்கு உண்டு. அதனை ஓர் அலங்காரமென்றே அக்காலத்து எண்ணியிருந்தேன்.

மறுபக்கத்துப் பிழையும் உண்டு. கோல்ட்ஸ்ரைன் 1986இல் ஓர் உரையில், நோய்க்குறிகளைப் பட்டியலிடுவார்போல நகைச்சுவையாக ஒரு நோயை விவரித்தார்: ஆராய்ச்சியிற் புகுந்த வைத்தியர் சில ஆண்டுகளில் முடங்கி நின்றுவிடும் நோய். அடிப்படை விஞ்ஞானத்தில் ஆழ்ந்த பயிற்சி இன்மை ஒரு காரணம். தாம் கற்ற ஒரேயொரு செய்முறையை விட்டு, கேள்வி அழைக்கும் இடத்துக்கு அஞ்சாது செல்லும் துணிவின்மை மற்றொன்று. இரண்டாவது காரணம் நுட்பமானது. இளைஞர் பலர் ஒரு கருவியைக் கற்று, அக்கருவிக்கேற்ற கேள்விகளையே வாழ்நாள் முழுதும் தேடுகின்றனர். ஆய்வுகூடத்துக்கு ஓராண்டு விருந்தினராய்ச் சென்று வருவது ஆராய்ச்சிப் பயிற்சியாகாது.

வழிகாட்டும் ஆசிரியரைப் பற்றிக் கூறாமல் இதனை முடித்தல் முறையன்று. மலேரியாவை நுளம்பு காவுவதைக் கண்ட றொனால்ட் றொஸ் இந்திய வைத்திய சேவையில் உத்தியோகம் பார்த்தவர். ஆராய்ச்சிக்கென அவருக்கு நேரமில்லை. இலண்டனிலிருந்த பற்றிக் மான்சன் 1894இல் அவருக்கு நுண்காட்டியில் ஒட்டுண்ணியைக் காட்டி, நுளம்பின் வழியே தேடுமாறு ஏவினார். அதன்பின் ஆண்டுக்கணக்காக இருவரும் கடிதங்களாலேயே ஆராய்ச்சி நடத்தினர். றொஸ் எழுதியவை மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவை. 1897 ஓகஸ்ற் 20ஆம் நாள் செகந்திராபாத்தில் நுளம்பின் இரைப்பைச் சுவரில் ஒட்டுண்ணியைக் கண்டார் றொஸ். அடுத்த மாதமே மலேரியா நோயாளர் கிடைத்தற்கரிய ராஜபுத்தானத்துக் கேர்வாராவுக்கு மாற்றப்பட்டார்! உத்தியோக மாற்றத்தின் கொடுமையை எம் நாட்டு வைத்தியர்க்கு விளக்க வேண்டியதில்லை. மான்சன் இலண்டனில் அதிகாரிகளிடம் வாதாடியே, 1898இற் கல்கத்தாவில் ஆராய்ச்சிக்கென ஒரு பணி அவருக்குக் கிடைக்கச் செய்தார். அங்கே பறவைகளின் மலேரியாவைக் கொண்டு எஞ்சியதையும் கண்டார் றொஸ். 1902இல் நோபல் பரிசும் பெற்றார். நல்ல ஆசிரியர் கேள்வி தருபவர் மட்டுமல்லர். மாணவனுக்காக எழுந்து சென்று அவனுக்கு நேரம் வாங்கித் தருபவருமாவர்.

ஆதலின் ஆசிரியரைத் தேர்வதில் அவர்தம் புகழை இரண்டாவதாக வையுங்கள். அவரிடம் முன்னர்ப் பயின்றோர் இன்று எங்கே இருக்கின்றனர், எத்தனை பேர் ஆராய்ச்சியில் நிலைத்தனர், பட்டம் முடிக்க எத்தனை ஆண்டாயிற்று, முதற் கட்டுரையில் எவர் பெயர் முன்னின்றது என்பவற்றை விசாரியுங்கள். அவரிடம் விசாரிப்பதிலும் அவருடைய பழைய மாணவரிடம் விசாரித்தல் நன்று. அதனிலும் அவரைவிட்டு இடையில் நீங்கியவரிடம் விசாரித்தல் மிக நன்று. வாரத்தில் எவ்வளவு நேரம் ஆராய்ச்சிக்கென ஒதுக்கப்படும் என்பதை எழுத்திற் பெறுங்கள். வாய்வார்த்தையால் ஒதுக்கிய நேரத்தை இரவுக் கடமைப் பட்டியல் விழுங்கிவிடும். தொடங்கும் ஆராய்ச்சியை இரண்டாகப் பிரித்து, நிச்சயம் முடியக்கூடிய சிறியதொன்றையும் முடியுமோ முடியாதோ என்ற பெரியதொன்றையும் உடன் நடத்துங்கள். சிறியது பட்டத்தைத் தரும். பெரியதற்காகத்தான் இவ்வழிக்கு வந்தீர்கள்.

எம் நாட்டில் நிலைமை சற்று வேறு. 1980இற் கொழும்புப் பல்கலைக்கழகத்தோடிணைந்து நிறுவப்பட்ட பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் வழியே நிபுணராவோர் செல்லும் பாதை, நல்ல நிபுணரை ஆக்கும் பொருட்டு அமைந்தது. அதனிடையே ஆய்வுகூடத்தில் மூன்றாண்டு அமர்தற்கு இயல்பான இடைவெளியில்லை. வைத்திய பீடங்களில் விரிவுரையாளராய்ச் சேர்வோருக்கே ஓரளவு வாய்ப்புண்டு. அவர்களும் கற்பித்தல், நோயாளரைப் பார்த்தல் என்னும் இரண்டுக்குமிடையில் ஆராய்ச்சியைச் செருகுகின்றனர். பெண் வைத்தியர்க்குச் சுமை இன்னும் அதிகம். பயிற்சியின் நெடிய ஆண்டுகளும் பிள்ளை வளர்க்கும் ஆண்டுகளும் ஒன்றாகவே வருகின்றன. ஆராய்ச்சிக் காலத்தைத் தவணையாய்ப் பிரித்துச் செய்ய இடமளிக்கும் பீடங்களே அவர்களை இழவாதிருக்கும். இருந்தும், எம் கமக்காரரைத் தீண்டும் புடையன் எம் மண்ணில் இருக்கிறது. சிறுநீரகத்தோடு நரம்பையும் தாக்கிக் கண்ணிமையைச் சரியச் செய்யும் இயல்பு இலங்கைப் புடையனுக்கு மிகுதி. நாம் ஏற்றும் விஷமுறிவு மருந்தோ நெடுங்காலமாக இந்தியப் பாம்புகளின் விஷங்கொண்டு செய்யப்பட்டு வந்தது. இதனைப் பிறநாட்டார் வந்து ஆராயுமளவும் காத்திருத்தல் வேண்டுமென்பதில்லை.

பரிசளிப்பு விழாவில் என்னை வினவிய மாணவர் இவ்வாண்டு வைத்திய பீடத்திற் சேர்ந்துள்ளார். விலாசம் விசாரித்து எழுதியிருந்தார். விடுமுறையில் எந்த ஆய்வுகூடத்தில் உதவியாளனாய்ச் சேரலாம் என்பதே அவர் கேள்வி. மூன்று பேராசிரியரின் பெயர்களை எழுதி அனுப்பினேன். ஒவ்வொருவரிடமிருந்தும் இடையில் நீங்கியவர் ஒருவரின் பெயரையும் உடன் எழுதி, முதலில் அவர்களைச் சென்று காணுமாறு சொல்லியிருக்கிறேன்.